வோலெரெங்கா: ஆஸ்லோவின் கிழக்குப் பகுதிக் கிளப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வே கால்பந்து என்றதும் நம்மவர்களுக்கு ஹாலண்டும் ஓடகார்டும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களை வளர்த்துவிட்ட ஊர்க் கிளப்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. அந்த நாட்டில் ஒரு கிளப் எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பிழைக்கிறது, யாருக்குச் சொந்தம் என்பதை ஒரே கிளப்பை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் வோலெரெங்காவைத்தான் காட்டுவேன்.

வோலெரெங்கா கால்பந்து அணியா, விளையாட்டுச் சங்கமா?

இரண்டும்தான். வோலெரெங்கா என்பது ஆஸ்லோவின் கிழக்கில் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர். பழைய மரவீடுகளும் ஒரு கல் தேவாலயமும் உள்ள சின்ன இடம். அந்த இடத்தின் பெயரில் கால்பந்து, ஐஸ் ஹாக்கி, ஹேண்ட்பால், அமெரிக்கக் கால்பந்து என்று பல விளையாட்டுகள் நடக்கின்றன. கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும்தான் அதிகப் புகழ் பெற்றவை.

ஒரு காலத்தில் எல்லாம் ஒரே சங்கமாக, ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இன்று ஒவ்வொரு விளையாட்டும் சட்டப்படி தனிச் சங்கம், மேலே ஒரு தாய்ச் சங்கம். பெயரும் நிறமும் பொது. நார்வேயின் பெரிய கிளப்கள் பலவும் இந்த ஏற்பாட்டுக்கு மாறியிருக்கின்றன. காரணம் பணம். கால்பந்துக்காரர்கள் வாங்கிய கடனுக்கு ஹேண்ட்பால் ஆடும் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு.

யார் தொடங்கியது?

ஒரு பாதிரியார். 1913 ஜூலை 29 அன்றைய தேதியைத்தான் கிளப் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஊருக்கு அப்போது பெயர் கிறிஸ்டியானியா. ஆஸ்லோ என்று மாறியது 1925-இல். வோலெரெங்கா தேவாலயத்தின் இளைஞர் குழுவை நடத்திய ஹான்ஸ் மொல்லர் காஸ்மான், தொழிலாளர் வீட்டுப் பையன்களைச் சேர்த்து 'ஸ்பார்க்' என்ற பெயரில் ஒரு கால்பந்துக் குழுவை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே அது பகுதியின் பெயரை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சங்கமாகிவிட்டது.

அந்தத் தேவாலயத்துக்கும் கிளப்புக்கும் உள்ள உறவு இன்னும் அறுபடவில்லை. 1979-இல் தேவாலயம் தீப்பிடித்து எரிந்தது, பிறகு திருப்பிக் கட்டப்பட்டது. அதைப் பற்றிய பாட்டு ஒன்றை இன்றும் ஆட்டம் தொடங்கும் முன் ரசிகர்கள் எல்லோரும் கழுத்துத் துண்டை இரு கையாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போகாதவர்கள். ஆனாலும் அது அவர்கள் தேவாலயம்தான்.

ஒரே ஆட்கள் கால்பந்தும் ஐஸ் ஹாக்கியும் ஆடினார்கள் என்பது உண்மையா?

உண்மை. இதைப் புரிந்துகொள்ளப் பருவநிலையைப் பார்க்க வேண்டும். நார்வேயில் குளிர்காலத்தில் புல்தரை பனிக்கு அடியில் போய்விடும். கால்பந்து லீக் 1963 முதல் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும்படி நடக்கிறது. ஐஸ் ஹாக்கிக்கோ அதற்கு நேர் எதிரான பருவம். ஆக, திறமையான ஒரு பையன் கோடையில் ஷூவும் குளிர்காலத்தில் ஸ்கேட்டும் மாட்டிக்கொண்டு இரண்டிலும் ஆடலாம். சம்பளத்துக்கு ஆடும் காலம் வருவதற்கு முன்பு இது நார்வே முழுக்கச் சாதாரணம்.

வோலெரெங்காவில் இதற்குச் சிறந்த உதாரணம் ஐனார் ப்ரூனோ லார்சன். கால்பந்தில் முன்கள ஆட்டக்காரர். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வேயின் ஐஸ் ஹாக்கி அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு, 1965-இல், கிளப் கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் நாட்டின் சாம்பியன் ஆனது. கால்பந்தில் அதுதான் முதல் பட்டம்.

நாற்பது வருடம் கழித்து, 2005-இல், மறுபடியும் இரண்டும் ஒரே ஆண்டில் கிடைத்தன. ஆனால் அப்போது இரண்டு அணியிலும் வேறு வேறு ஆட்கள். இடைப்பட்ட காலத்தில் விளையாட்டு முழுநேரத் தொழிலாகிவிட்டது.

ஐஸ் ஹாக்கியில் எவ்வளவு சாதித்திருக்கிறார்கள்?

கால்பந்தைவிட அதிகம். 1960-க்கும் 2009-க்கும் இடையில் 26 முறை நாட்டின் சாம்பியன். 1965 முதல் 1971 வரை தொடர்ந்து ஏழு வருடம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இவர்கள் ஆடும் யோர்டால் அரங்கம் 1952 ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டப்பட்டது. பழையதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். இங்கே வளர்ந்த எஸ்பென் க்னுட்சன் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் வரை போய், 2002-இல் அதன் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் இறங்கிய முதல் நார்வேக்காரர் ஆனார்.

போர்க்காலத்தில் கிளப் என்ன செய்தது?

இது வோலெரெங்காவின் கதை மட்டுமில்லை. 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வே மீது படையெடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஆக்கிரமிப்பு அரசு விளையாட்டு அமைப்புகளைத் தன் கையில் எடுத்தபோது, நாடு முழுவதும் விளையாட்டு வீரர்கள் களத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆட்டக்காரர்களும் வரவில்லை, பார்வையாளர்களும் வரவில்லை. அரசு நடத்திய போட்டிகள் காலி கேலரிகளுக்கு முன்னால் நடந்தன. ரகசியமாகக் காடுகளுக்குள் ஆட்டங்கள் நடந்தன. 1945 வரை இப்படியே போயிற்று. உலக விளையாட்டு வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய, இவ்வளவு நீண்ட வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

போருக்குப் பிறகு வோலெரெங்கா நன்றாகவே எழுந்தது. 1949-இல் லீக் இறுதிவரை வந்து ஃப்ரெட்ரிக்ஸ்டாடிடம் தோற்றது.

'பொஹீமியர்கள்' என்று ஏன் கூப்பிடுகிறார்கள்?

அறுபதுகளின் அணிக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. முன்னால் பாய்ந்து ஆடுவார்கள், கோல் மழை பொழிவார்கள், அடுத்த வாரமே யாரும் எதிர்பாராத இடத்தில் தோற்பார்கள். ஒழுங்கு குறைவு, அழகு அதிகம். பின்னாளில் நார்வே தேசிய அணியின் பயிற்சியாளராகப் பெரும் பெயர் எடுத்த எகில் ஓல்சனும் அந்தப் பத்தாண்டில் இங்கே ஆடியிருக்கிறார். கணக்குப் போட்டு, தற்காப்பைக் கட்டி, நீளப் பந்து ஆடவைத்தவர் என்றுதான் உலகம் அவரை அறியும். அவர் பொஹீமியர்களிடையே இருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கால்பந்தில் மொத்தம் எத்தனை பட்டங்கள்?

ஆண்கள் அணி லீக்கை ஐந்து முறை வென்றிருக்கிறது: 1965, 1981, 1983, 1984, 2005. நார்வே கோப்பை நான்கு முறை: 1980, 1997, 2002, 2008.

எண்பதுகளின் முதல் பாதிதான் பொற்காலம். அந்தக் காலத்தின் கடைசியில் வந்தவர் யோர்ன் ஆண்டர்சன். 1985-இல் 23 கோல் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். அப்புறம் ஜெர்மனிக்குப் போனார். 1989-90 பருவத்தில் ஃப்ராங்க்ஃபர்ட் அணிக்காக 18 கோல் அடித்து, புண்டஸ்லீகாவில் அதிக கோல் அடித்த முதல் வெளிநாட்டவர் என்ற பெயரையும் எடுத்தார்.

1997 கோப்பையை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

அந்த ஆண்டு வோலெரெங்கா முதல் பிரிவிலேயே இல்லை. 1996-இல் கீழே இறங்கிவிட்டார்கள். இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டே கோப்பை இறுதிவரை வந்து, ஸ்ட்ரொம்ஸ்கோட்செட்டை 4-2 என்று வீழ்த்தினார்கள். அதே பருவத்தில் மேல் பிரிவுக்கும் திரும்பினார்கள்.

கோப்பையை வென்றதால் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பைக்குத் தகுதி கிடைத்தது. 1998 இலையுதிர்காலத்தில் துருக்கியின் பெஷிக்டாஷை ஆஸ்லோவில் 1-0 என்று வென்று, இஸ்தான்புல்லில் 3-3 என்று சமன்செய்து காலிறுதிக்குப் போனார்கள். அங்கே எதிரே நின்றது நடப்புச் சாம்பியன் செல்சீ. லண்டனில் 0-3, ஆஸ்லோவில் 2-3. தோல்விதான். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டாம் பிரிவில் இருந்த அணி அது. பயிற்சியாளர், மேலே சொன்ன அதே எகில் ஓல்சன். முன்வரிசையில் பத்தொன்பது வயது யோன் கரேவ். 2001-இல் அவர் வாலென்சியாவுக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடினார்.

2005 பட்டத்தின் கதை என்ன?

2004-இல் இருந்து சொல்ல வேண்டும். ரூசன்போர்க் 1992 முதல் ஒவ்வொரு வருடமும் லீக்கை வென்றுகொண்டிருந்தது. 2004 கடைசி நாளில் ரூசன்போர்க்கும் வோலெரெங்காவும் தலா 48 புள்ளி. கோல் வித்தியாசமும் ஒன்றே. அதிக கோல் அடித்தது யார் என்று பார்த்தார்கள். ரூசன்போர்க். பதிமூன்றாவது தொடர் பட்டம். தற்காப்பைப் பலமாகக் கட்டிக் குறைவாகக் கோல் வாங்கிய அணிக்கு அதுவே வினையாக முடிந்தது. பொஹீமியர்கள் என்று பெயர் வாங்கிய கிளப், கோல் போதாமல் பட்டத்தைக் கோட்டைவிட்டது.

அடுத்த ஆண்டு ரூசன்போர்க் சரிந்தது. கடைசி நாளில் வோலெரெங்காவும் கிறிஸ்டியான்சாண்ட் நகரத்து ஸ்டார்ட்டும் தலா 45 புள்ளியுடன் நின்றன. வோலெரெங்கா ஷீன் நகரில் ஒட் அணியுடன் 2-2 சமன். வழக்கமாக அது போதாது. ஆனால் அதே நேரத்தில் ஸ்டார்ட் சொந்த மைதானத்தில் ஃப்ரெட்ரிக்ஸ்டாடிடம் 1-3 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி முன்னால், பதிமூன்று வருட ஆதிக்கம் முடிவுக்கு வந்தது.

பயிற்சியாளர் ஷெட்டில் ரெக்டால். 1998 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் பெனால்டி அடித்து நார்வேயை வெற்றிபெறவைத்தவர். மறுபடியும் இரண்டாம் பிரிவில் கிடந்த கிளப்பை 2001-இல் கையில் எடுத்து, மேலே ஏற்றி, கோப்பையும் வாங்கித் தந்து, நான்கே வருடத்தில் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார். கிளப்பின் வரலாற்றில் இவரைவிடப் பெரிய வேலை செய்த பயிற்சியாளர் யாரும் இல்லை என்பது என் கருத்து.

லின் கிளப்போடு என்ன பகை?

ஆஸ்லோவில் கிழக்கு தொழிலாளர் பக்கம், மேற்கு வசதியானவர்கள் பக்கம் என்பது பழைய பிரிவு. லின் மேற்கின் கிளப். 1896-இல் பனிச்சறுக்குச் சங்கமாகத் தொடங்கி அப்புறம் கால்பந்துக்கு வந்தது. இருவரும் மோதும் ஆட்டம் ஒரு காலத்தில் ஊரையே இரண்டாக்கும்.

2010-இல் லின்னின் தொழில்முறைக் கால்பந்து நிறுவனம் திவாலானது. நார்வே அமைப்பின் பலம் அங்கேதான் தெரிந்தது. நிறுவனம் செத்தது, சங்கம் சாகவில்லை. அடிமட்டப் பிரிவில் இறங்கி ஆடத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, 2024-இல் இரண்டாம் நிலையில் வோலெரெங்காவையே சந்தித்தார்கள். பனிச்சறுக்குப் பிரிவை அந்தத் திவால் தொடவே இல்லை. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 30 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தில், தொடக்கத்திலேயே விழுந்து கடைசி ஆளாகிப்போய், பிறகு எல்லோரையும் முந்தித் தங்கம் வென்ற சீமன் ஹெக்ஸ்டாட் க்ரூகர் லின் பிரிவைச் சேர்ந்தவர்தான்.

முதலாளி யார்?

உறுப்பினர்கள். நார்வேயில் விளையாட்டுச் சங்கத்தை யாரும் விலைக்கு வாங்க முடியாது. பணம் போடும் நிறுவனம் ஒன்று பக்கத்தில் இருக்கலாம். ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் விளையாட்டு விஷயத்தில் முடிவெடுப்பது சங்கம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடக்கும். பதினைந்து வயது நிரம்பிய உறுப்பினருக்கு அங்கே ஓட்டு உண்டு. பத்தாம் வகுப்புப் பையனுடைய கையும் கோடீஸ்வரருடைய கையும் ஒரே எண்ணிக்கைதான்.

இது வெறும் சடங்கு இல்லை. 2025 ஜனவரியில் முதல் இரண்டு பிரிவுகளின் 32 கிளப்களில் 19, வீடியோ நடுவர் முறையை நீக்கச் சொல்லி வாக்களித்தன. கேலரியில் நிற்கும் ரசிகர்கள் உறுப்பினர்களாகிப் பொதுக்கூட்டங்களில் கைதூக்கியதால் வந்த முடிவு அது. மார்ச்சில் கூடிய கால்பந்துச் சங்கத்தின் தேசிய மாநாடு அந்த முறையைத் தொடரத் தீர்மானித்தது. ரசிகர்கள் தோற்றார்கள். ஆனாலும் வேறு எத்தனை நாடுகளில் ரசிகனிடம் இதைக் கேட்டிருப்பார்கள்?

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

மேல்நிலை அணிக்கு டிக்கெட், தொலைக்காட்சி, விளம்பரம், ஆட்டக்காரர் விற்பனை. பிள்ளைகள் பிரிவுக்கு வேறு வழி. சந்தா ஒரு பக்கம். அரசு லாட்டரி நிறுவனமான நோர்ஸ்க் டிப்பிங்கில் பணம் கட்டுபவர், அதில் 7 சதவீதம் தன் ஊர்க் கிளப்புக்குப் போகட்டும் என்று குறிப்பிடலாம். அது இன்னொரு பக்கம்.

மூன்றாவது, பெற்றோரின் கூலியில்லா உழைப்பு. பிள்ளையைக் கிளப்பில் சேர்த்தால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு வேலை வந்து சேரும். சனிக்கிழமை காலை மைதான ஓரத்தில் ஒரு மேசை, அதில் மின்சார வாஃபிள் அடுப்பு, பக்கத்தில் வாளி நிறைய மாவு. இதய வடிவில் ஐந்து துண்டாகப் பிரியும் வாஃபிளை எடுத்து, மேலே ஸ்ட்ராபெரி ஜாமோ பழுப்புச் சீஸோ வைத்து மடித்து ஒரு காகிதத் துடைப்பானில் சுற்றித் தருவார்கள். அருகிலேயே பிளாஸ்கில் காப்பி. அந்தக் காசில்தான் அடுத்த போட்டிக்குப் பஸ் வாடகை.

பிள்ளைகளை எப்படிப் பழக்குகிறார்கள்?

நாடு முழுவதற்கும் ஒரே விதி. பதினொரு வயது ஆகும் ஆண்டு வரை புள்ளிப்பட்டியல் கிடையாது, தரவரிசை கிடையாது. பதின்மூன்று வரை தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. அதுவரை விளையாட்டு விளையாட்டாகவே இருக்க வேண்டும். ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர்ந்து முதலிடம் பிடிப்பதைப் பார்த்தால், பிள்ளைகளை அவசரப்படுத்தாததால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று தெரிகிறது. நம் ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கு மாநிலத் தேர்வு வைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெண்கள் அணி?

இன்றைய வோலெரெங்காவின் சிறந்த கால்பந்து அணி எது என்றால் என் பதில் பெண்கள் அணி. 2012-இல் முதல் பிரிவுக்கு வந்தார்கள். 2020-இல் லீக், கோப்பை இரண்டையும் வென்றார்கள். லில்லெஸ்ட்ரோம் பெண்கள் அணி தொடர்ந்து ஆறு வருடம் வைத்திருந்த பட்டம் அது. 2021-இல் மறுபடி கோப்பை, 2023-இல் லீக், 2024-இல் திரும்பவும் இரண்டும். 2024-25 சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் ஆர்சனல், பயர்ன் மியூனிக், யுவென்டஸ் ஆகியவற்றோடு ஆடினார்கள்.

2023-இல் ஆண்கள் அணிக்கு என்ன ஆயிற்று?

பெண்கள் பட்டம் வென்ற அதே பருவத்தில் ஆண்கள், மேல் பிரிவில் இருக்கப்போவது யார் என்று தீர்மானிக்கும் பிளே ஆஃபில் கிறிஸ்டியான்சுண்டிடம் பெனால்டியில் தோற்று இரண்டாம் நிலைக்கு இறங்கினார்கள். டிசம்பர் குளிரில் நடந்த ஆட்டம் அது. ஆனால் ஒரே வருடம்தான். 2024-இல் இரண்டாம் நிலையை முதலிடத்தில் முடித்துத் திரும்பிவிட்டார்கள்.

ரசிகர்கள் எப்படிப்பட்டவர்கள்?

1991-இல் தொடங்கிய 'கிளானன்' நார்வேயின் பெரிய ரசிகர் அமைப்புகளில் ஒன்று. வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவதில் பேர் வாங்கியவர்கள். தொண்ணூறுகளில் இந்தக் கேலரிக்கு நல்ல பெயர் இல்லை, இனவெறிக் கூச்சலும் கேட்டது. அதைக் கிளப் மூடி மறைக்காமல் 'இனவெறிக்கு எதிராக வோலெரெங்கா' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஏராளமாக வாழும் பகுதி ஆஸ்லோவின் கிழக்கு. அந்தப் பிள்ளைகள் நம் கிளப் என்று சொல்ல முடியாவிட்டால், இது எந்தப் பகுதியின் கிளப்? இந்தக் கேள்வியை அவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கிளப்பின் மேல் உள்ள மதிப்புக்கு முதல் காரணம்.

சொந்த மைதானம் எப்போது வந்தது?

கிழக்கின் கிளப் என்று பாடிக்கொண்டே பல பத்தாண்டுகள் கிழக்கில் ஆடாமல் இருந்தார்கள். நீண்ட காலம் பிஸ்லெட், அதன் பிறகு தேசிய மைதானமான உல்லெவோல். இரண்டுமே ஊரின் மறுபக்கம். உல்லெவோல் பெரியது, பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். கடைசியில் 2017 செப்டம்பரில் வாலே என்ற இடத்தில் இன்டிலிட்டி அரேனா திறந்தது. சுமார் 17,000 பேர் கொள்ளும். வோலெரெங்கா வீடுகளிலிருந்து நடந்தே போகலாம். கேலரிக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மேல்நிலைப் பள்ளியும் இயங்குகிறது.

ஆஸ்லோ போனால் ஆட்டம் பார்க்கலாமா?

தாராளமாக. வசந்தம் முதல் நவம்பர் வரை கால்பந்து. மெட்ரோவில் ஹெல்ஸ்ஃபியூர் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். நீலச் சட்டைக்காரர்கள் பின்னாலேயே போங்கள். செப்டம்பருக்கு மேல் என்றால் கனமான ஜாக்கெட் கட்டாயம். பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் எளிதாகக் கிடைக்கும். ஆட்டத் தரத்துக்கு அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். நடுக்குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு யோர்டாலில் ஐஸ் ஹாக்கி இருக்கிறது. பந்தின் அளவுக்கே பழகியவர்களுக்கு முதல் பத்து நிமிடம், பந்துக்குப் பதிலாக ஓடும் அந்தக் கறுப்புத் தட்டு கண்ணுக்கே படாது. இரண்டாவது இடைவேளைக்குள் பழகிவிடும்.